புழுக்கம்: ஒரு சொல்லின் பொருளும் ஆட்சியும்

காற்றுக் குறைந்த இடத்தையும் அங்கே உடல் படும் பாட்டையும் குறிக்கத் தமிழிற் சொற்கள் பல உள. காற்றின்மை, காற்றோட்டமின்மை, வெற்றிடம், இறுக்கம், மூச்சுமுட்டல், திணறல், புழுக்கம் என்பன அவற்றுட் சில. இவை ஒரே பொருளைத் தருவன போலத் தோன்றினும், ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைத்தாற் பொருள் வழுவும். இவற்றுள்ளும் புழுக்கம் என்னும் சொல் இன்றைய உரைநடையில், சிறப்பாக மலையக வாழ்வைக் கூறும் எழுத்திலும் அவ்வெழுத்தைப் பற்றிய திறனாய்விலும், மனநிலையைச் சுட்டும் சொல்லாகவே பெரிதும் கொள்ளப்படுகின்றது. இது சொல்லாராய்ச்சியாளர்க்கு மட்டும் உரிய செய்தி என்று தள்ளிவிடத்தக்கதன்று. ஒரு சொல் உடலைக் கைவிட்டு உள்ளத்தை மட்டும் பற்றிக்கொள்ளும்போது, அவ்வுடல் கிடந்து வேர்க்கும் அறையும் எழுத்திலிருந்து மறைந்துபோகின்றது. ஆதலின் அச்சொல்லின் வேர், பொருள், ஆட்சி என்னும் மூன்றும் முறையே ஆராயற்பாலன.

புழுக்கம் என்பது புழுங்கு என்னும் வினையடியாகப் பிறந்த தொழிற்பெயர். புழு என்னும் பெயரோடு இதற்கு உறவு உண்டெனச் சிலர் ஒலியொற்றுமை கொண்டு மயங்குவர். பரோ, எமனோ என்னும் இருவரும் தொகுத்து 1961 ஆம் ஆண்டில் வெளிவந்த திராவிட வேர்ச்சொல் அகராதி இவ்விரண்டையும் வெவ்வேறு வேர்களின் கீழ் வைத்துள்ளது. புழுங்கு என்பதன் முதற்பொருள் நீராவியால் வேதல் என்பதாம். நெருப்பு நேரே தீண்டினால் அது சுடுதல். எண்ணெயில் இட்டால் அது பொரித்தல். நீரும் வெம்மையும் கூடி, மூடிய கலத்துள் ஒரு பொருளைச் சூழ்ந்து பதப்படுத்துமாயின் அதுவே புழுங்குதல். இச்சொல்லின் உட்கிடை முழுவதும் இம்மூன்றிலே அடங்கும்: வெம்மை, ஈரம், மூடிய இடம்.

அடுக்களைச் சொற்கள் இதற்குச் சான்று பகரும். பெரும்பாணாற்றுப்படை முல்லைநிலத்தார் உணவைக் கூறுமிடத்து வரகுச் சோற்றோடு அவரைப் புழுக்கைச் சேர்த்துச் சொல்லுகின்றது. ஆங்குப் புழுக்கு என்பது வெந்த பண்டம் என்னும் பொருளில் நின்றது. மலையாளத்தில் இன்றும் கிழங்கு முதலியவற்றை அவித்துச் செய்த உணவு புழுக்கு எனப்படும். முட்டை அவித்தலையும் அம்மொழியார் இவ்வினையாலேயே கூறுவர். நெல்லை ஊறவைத்து, ஆவியில் வேகவைத்து, உலர்த்திக் குற்றிய அரிசி புழுங்கலரிசி என்று தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் வழங்குகின்றது. யாழ்ப்பாணத்தார் பனங்கிழங்கை அவியாது உலர்த்தினால் அதனை ஒடியல் என்பர். அவித்து உலர்த்தினாற் புழுக்கொடியல் என்பர். புழுக்கு, ஒடியல் என்னும் இரு சொற்களும் புணர்ந்த இத்தொடர் பழைய பொருளைச் சிதைவின்றிக் காத்து நிற்கின்றது.

இனி, கலத்துள் வேகும் பண்டத்தின் நிலை மனித உடலுக்கு ஏற்றப்பட்டது. அதனால் வெப்பமும் ஈரமும் மிகுந்து காற்று அசையாது நிற்கும் பொழுதில் உடல் வேர்த்து அயர்வது புழுக்கம் எனப் பெயர் பெற்றது. ஈழத்துப் பேச்சு வழக்கில் அவியுது, அவிச்சல் என்னும் சொற்களும் இதே ஏற்றத்தால் எழுந்தவை. மூன்றாவதாக, வெளியே காட்டவொண்ணாத சினமும் பொறாமையும் வருத்தமும் உள்ளத்தை உள்ளேயே வேகச் செய்தல் மனப்புழுக்கம் எனப்பட்டது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியை நோக்குவார், வேதல், வேர்த்தல், உள்ளங் கொதித்தல் என இப்பொருள்கள் ஒன்றையொன்று அடுத்து நிற்றலைக் காண்பர். கலம், உடல், உள்ளம் என்னும் இம்முறையிலேயே சொல் வளர்ந்தது. மூன்றாம் படியில் நிற்பவர் முதலிரண்டு படிகளை மறத்தலாகாது.

இச்சொல்லை எரிச்சல் என்பதனோடு ஒப்பிட்டால் அதன் நுட்பம் விளங்கும். எரிச்சலில் தீ உண்டு, நீர் இல்லை. அது வெளியே பாயும், பிறரையும் சுடும். புழுக்கத்தில் தீ அடியில் உள்ளது. மேலே மூடி உள்ளது. ஆவிக்குப் போக்கிடம் இல்லை. எனவே எரிச்சலுற்றவன் பேசுவான், புழுங்குபவன் பேசாதிருப்பான். மற்றொன்றும் உண்டு. காற்று அடங்கிப் புழுங்கினால் மழை வரும் என்பது நாட்டார் பட்டறிவு. ஆகவே புழுக்கம் என்னும் சொல்லிற் காலமும் கலந்துள்ளது. அது நிலையாக நிற்கும் ஒன்றைக் குறிப்பதன்று. ஏதோ ஒன்று நிகழ்வதற்கு முன்னுள்ள பொறுக்கவொண்ணாத இடைவேளையைக் குறிப்பது. நல்ல எழுத்தாளர் இச்சொல்லை ஆளுமிடத்துப் படிப்போர் உள்ளம் இயல்பாகவே மழையை எதிர்நோக்கும்.

புழுக்கமாவது காற்றில்லாமை என்று பொருள் கூறுவார் உளர். அது பொருந்தாது. காற்றில்லாத இடம் சந்திரமண்டலம். அங்கே புழுக்கம் இல்லை. ஈழத்துப் பாடநூல்கள் வளி என்னும் சொல்லை வளிமண்டலம், வளியமுக்கம் எனப் பெருக வழங்கும். திருக்குறளில் இவ்வளி உலகில் இயங்கும் காற்றையும் குறிக்கும். உடலினுள் இயங்கும் மூன்றனுள் ஒன்றையும் குறிக்கும். அவ்வளி அறவே இல்லாத நிலை வளியின்மை, அவ்விடம் வெற்றிடம். இவ்வெற்றிடம் என்னும் சொல்லோ இந்நாட்டில் ஆளில்லாத பதவியைக் குறிக்கவும் நாள்தோறும் வழங்கி, அறிவியற் பொருளிலும் அலுவலகப் பொருளே பெரிதாய்விட்டது. மக்கள் குடியிருக்கும் அறை எத்துணை அடைபட்டதாயினும் வெற்றிடமன்று. அங்கே காற்று உண்டு. அஃது அசைவதில்லை என்பதே குறை.

தமிழர் வழக்கு கண்ட இவ்வேற்றுமையை மேல்நாட்டு உடலியலார் சோதனையால் நிறுவ இருபதாம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. அடைபட்ட அறையில் மக்கள் அயர்வதற்குக் காரணம் உயிர்வளி குறைதலும் கரியமிலவாயு மிகுதலுமே என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பலர் நம்பினர். 1905 ஆம் ஆண்டிற் பிரெசுலாவு நகரில் புளூகே என்பாரும் அவர்தம் துணைவரும் சிறு அறையொன்றில் ஆட்களை அடைத்து ஆராய்ந்தனர். உள்ளிருப்பவன் குழாய் வழியாக வெளிக்காற்றை மூச்சில் ஏற்றும் அவன் அயர்வு தீரவில்லை. வெளியிருப்பவன் குழாய் வழியாக அவ்வறையின் காற்றையே மூச்சில் ஏற்றும் அவனுக்கு அயர்வு தோன்றவில்லை. பின்னர் இலண்டனில் லெனாட் ஹில் என்பார் இவ்வாராய்ச்சியைத் தொடர்ந்தார். அடைத்த அறையினுள் விசிறியைச் சுழற்றி அதே காற்றை அசையச் செய்த அளவில் உள்ளிருந்தோர் ஆறுதல் பெற்றனர். வெம்மையும் ஈரமும் அசைவின்மையும் கூடி, உடலின் வேர்வை உலராதவாறு தடுத்தலே துன்பத்தின் முதற்காரணம் என்பது இவற்றாற் பெறப்பட்டது. நெல் வேகும் கலத்திலிருந்து தன் பெயரைப் பெற்ற சொல், அச்சோதனையின் முடிவைத் தன்னகத்தே கொண்டிருந்தமை வியத்தற்குரியது.

ஆயினும் இதுகொண்டு காற்றோட்டம் வேண்டா என்பார் தவறுவர். விறகுப் புகையும் நோய்க்கிருமிகளும் அடைபட்ட அறையில் தங்கித் தீங்கு செய்யும். 2020 ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தில் உலகம் இவ்வுண்மையை மீண்டும் கற்றது. புகையும் கிருமியும் உடல் உடனே உணரும் புழுக்கத்துள் அடங்கா. எனவே காற்றோட்டமின்மை என்னும் சொல்லும் வேண்டற்பாலதே. அது சுவரின் குறையைக் கூறும். புழுக்கம் உடலின் துன்பத்தைக் கூறும். முன்னது காரணம், பின்னது காரியம். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை விடுவது பாதியைச் சொல்லுதலேயாம்.

இவ்வேறுபாட்டை மாத்தளை மாவட்டத்துத் தோட்டங்களில் வைத்து நோக்குதல் தகும். மலையகம் என்ற அளவிலே குளிரும் பனியும் நினைவுக்கு வருதல் இயல்பு. அந்நினைவு 1,800 மீற்றருக்கு மேற்பட்ட நுவரெலியாவுக்குப் பொருந்தும். ஏறக்குறைய 360 மீற்றர் உயரத்திலுள்ள மாத்தளை நகரைச் சூழ்ந்த தாழ்நிலத் தோட்டங்களுக்குப் பொருந்தாது. நக்கிள்ஸ் மலைச்சரிவுகளில் தேயிலையும், உக்குவளை, யட்டவத்தைப் பக்கங்களில் இறப்பரும் கொக்கோவும் விளைந்த மாவட்டம் இது. பருவமழைகளுக்கு இடைப்பட்ட சித்திரை மாதத்தில் நண்பகல் வெயில் ஏறி, பிற்பகலில் முகில் திரண்டு, காற்று அறவே நின்று, மாலையில் இடியோடு மழை கொட்டும். அம்மழைக்கு முற்பட்ட பொழுதே புழுக்கம் என்னும் சொல்லின் பொழுது.

அப்பொழுதில் தோட்டத் தொழிலாளர் தங்கிய இடம் லயம். தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து மாத்தளையை அடைந்தோர்க்குக் கோப்பித் தோட்டக் காலத்திலேயே இவ்வரிசைக் குடியிருப்புகள் எழுந்தன. பத்தடி அகலமும் பன்னிரண்டடி நீளமும் அளவாகச் சொல்லப்படும் ஒரு காம்பரா, அதன் முன்னே ஓர் இஸ்தோப்பு. இவ்வளவே ஒரு குடும்பத்தின் வீடு. இரட்டை வரிசை லயங்களிலோ ஒரு காம்பராவின் பின்சுவரே மறுபுறத்துக் காம்பராவின் பின்சுவருமாகும். பக்கச் சுவர்கள் அயலாருக்கும் பொது. எனவே வரிசையின் நடுவிலுள்ள காம்பராவுக்கு வானத்தை நோக்கிய சுவர் ஒன்றே, வாயிலும் அதிலேதான். ஒருபுறம் புகுந்த காற்று மறுபுறம் வெளியேறினாலன்றி ஓட்டம் உண்டாகாது. ஆங்குக் காற்று புகுமாயினும் போக வழியில்லை. மேலே வெயிலில் காய்ந்த தகரம்; கீழே விறகடுப்பு; நடுவே ஈரத்துணியும் மக்களும். வெம்மை, ஈரம், மூடிய இடம் என்று முன்னர்க் கூறிய மூன்றும் ஈண்டு ஒருங்கே கூடின. "காம்பராவுல இருக்க முடியல, புழுங்குது" என்று அங்கு வாழ்வோர் கூறுவது உவமையன்று. சொல்லின் நேர்ப்பொருளே அது. தனி வீடுகள் பல பின்னர்க் கட்டப்பட்டபோதிலும் லயங்களில் வாழ்வோர் இன்றும் உளர்.

உயர்நிலத் தோட்டங்களின் நிலை வேறு. குளிருக்கு அஞ்சி வாயிலையும் அடைத்துக்கொண்டு அடுப்பை மூட்டுமிடத்து மிகுவது புகை. அவ்விடத்துக்கு உரிய சொல் மூச்சுமுட்டல். மலையகக் கதை எதுவாயினும் புழுக்கம் என்று எழுதுதல் ஒருவகைச் சோம்பலாகும். நிலமும் பொழுதும் முதற்பொருள் எனக் கண்ட இலக்கண மரபிற் பயின்றோர், எந்த உயரத்தில், எந்தத் திங்களில், எவ்வகைச் சுவரினுள் என்று வினவிய பின்னரே இச்சொல்லை எடுத்தல் முறை.

திறனாய்வாளர் ஆட்சியில் இரு குறைகள் காணப்படுகின்றன. லயத்து வாழ்வைக் கூறும் கதையில் புழுக்கம் என வருமிடமெல்லாம் அதனைப் பாத்திரத்தின் மனப்புழுக்கமாகவே விரித்துரைப்பது முதற் குறை. கதாசிரியர் ஒருவர் பெண்ணொருத்தி புழுக்கம் தாளாது இஸ்தோப்பில் வந்து அமர்ந்தாள் என எழுதினால், உடனே அவள் உள்ளத்து அடக்கிய ஆசைகளை ஆராயப் புகுவர். அவள் உள்ளத்தில் ஆசை இருக்கலாம். ஆயினும் அவள் எழுந்து வந்ததற்குக் காம்பராவின் சுவரே போதிய காரணம் என்பதை முதலில் ஒப்புக்கொள்ளல் வேண்டும். உள்ளுறை காண்பதற்கு முன் நேர்ப்பொருள் காண்டல் உரையாசிரியர் மரபு. நேர்ப்பொருளைத் தாண்டிச் சென்று பெறும் உள்ளுறை, அடியில்லாத கலத்தில் ஊற்றிய நீரை ஒக்கும்.

துன்பத்தைப் பெருமையாக்குதல் இரண்டாவது குறை. புழுங்கிய நெல் குற்றும்போது உடையாது. தவிட்டிலுள்ள சத்தில் ஒரு பகுதியும் ஆவியோடு அரிசியின் உட்புகும். இதனை உவமையாக்கி, புழுக்கத்திற் கிடந்த மக்களும் உறுதி பெற்றனர் என்று பாராட்டுதல் எளிது. உவமை அழகியதாயினும் அறம் பிழைத்தது. நெல்லைப் புழுக்குபவர் உண்பதற்காகவே புழுக்குகின்றனர். மக்களை அவ்வாறு பதப்படுத்தியதனால் விளைந்த உறுதியைப் போற்றுவோர், அவ்வுறுதியை உண்டவர் யாவர் என்பதையும் சொல்லக் கடமைப்பட்டவராவர்.

இவ்விடத்து இலக்கணம் துணைசெய்யும். புழுங்கு என்பது தன்வினை. அதன் மென்றொடர் வன்றொடராகிப் புழுக்கு என நின்றால் அது பிறவினை. அடங்கு, அடக்கு, முடங்கு, முடக்கு, ஒடுங்கு, ஒடுக்கு என்பனவும் இவ்வாறே. நெல் புழுங்கிற்று, ஒருவர் நெல்லைப் புழுக்கினார். ஆயின் தொழிற்பெயரில் இவ்வேற்றுமை மறைகின்றது. அடங்கியதும் அடக்கம், ஒடுங்கியதும் ஒடுக்கம், புழுங்கியதும் புழுக்கம். உருவிலே பிறவினை போன்று வல்லொற்றுப் பெற்றும், செய்தவர் யாவர் என்பதை இப்பெயர்கள் சொல்வதில்லை. ஒடுக்கம் என்னும் பெயர் போதாமையாற் போலும், ஒடுக்குமுறை என்னும் சொல் பின்னர் வழக்கிற்கு வந்தது. புழுக்கத்துக்கு அவ்வாறொரு துணைச்சொல் தோன்றவில்லை. ஆகவே அறை புழுக்கமாயிருந்தது என்னும் வாக்கியம், புழுக்கம் மழையைப் போல வானத்திலிருந்து வந்தது என்னும் எண்ணத்தைத் தந்துவிடும். ஒரு சுவருக்குச் சாளரம் வைப்பதும் வையாமையும் ஒருவர் எடுத்த முடிவு என்பது அவ்வாக்கியத்தில் இல்லை.

சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) தம் நூல்களுக்கு இட்ட பெயர்கள் ஈண்டு எண்ணத்தக்கன. அவரது நாவல் ஒன்று 'வீடற்றவன்'. மற்றொரு நூல் 'நாடற்றவர் கதை'. வீடில்லாதவன் என்றோ நாடில்லாதவர் என்றோ அவர் வையாது, அறு என்னும் வினையடியாகப் பிறந்த அற்ற என்னும் சொல்லைக் கொண்டார். இல்லாமை வறிதே இல்லாமையாம். அறுதலோ இணைந்திருந்தது துண்டிக்கப்படுதல். 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் பின் நாடு இல்லாமற்போனவர்க்கு நாடற்றவர் என்பதே பொருந்திய சொல். அது குறையைக் கூறுவதோடு, அக்குறைக்கு ஒரு நிகழ்ச்சி உண்டு என்பதையும் கூறுகின்றது. இவ்வாறே காற்றற்ற காம்பரா என்னுமிடத்து, காற்றோடு இருந்த தொடர்பைச் சுவர் அறுத்தது என்னும் பொருள் தோன்றும். புழுக்கம் உடலுக்குச் சான்று. அற்ற என்பது செயலுக்குச் சான்று. மலையக வாழ்வை எழுதுவார்க்கு இவ்விரு சான்றும் வேண்டும்.

இவ்வாராய்ச்சியின் பயன் நூலகத்தோடு நின்றுவிடுவதன்று. வகுப்பறையிலும் அது வேண்டப்படும். லயத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன் கட்டுரையில் 'எங்கள் வீட்டில் புழுக்கம்' என எழுதினான் என்று கொள்வோம். அதனைக் குடும்பப் பூசலாகக் கொண்டு இரங்குபவர் உண்டு. பேச்சு வழக்கெனத் தள்ளிக் 'காற்றோட்ட வசதி குறைவு' எனச் சிவப்பு மையால் திருத்துபவரும் உண்டு. முன்னவர் அறையைப் பார்க்கவில்லை. பின்னவர் உடலைப் பார்க்கவில்லை. பெரும்பாணாற்றுப்படைக் காலந்தொட்டு வழங்கும் வினையின் வழிவந்த சொல்லை அம்மாணவன் அதன் நேர்ப்பொருளிலே, உரிய இடத்திலே ஆண்டிருக்கின்றான். அச்சொல்லை அவ்வாறே நிறுத்தி, வீட்டுக்குச் சாளரம் எத்தனை, அவை எத்திசை நோக்கியவை, கட்டியவர் யாவர் என அடுத்த வாக்கியங்களை எழுதச் செய்தலே ஆசிரியர் கடன். புழுங்குபவன் இன்னான் என்பதை அவன் முதல் வாக்கியம் சொல்லிவிட்டது. புழுக்கியது யாது என்பதை இரண்டாம் வாக்கியம் சொல்லட்டும்.